பழைய சர்வருக்கு என்ன விலை கிடைக்கும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அலுவலகத்தில் மாற்றிய 20 டெல் பவர்எட்ஜ் ஆர்730 சர்வர்கள் சும்மா கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் 512 ஜிபி ராம். பார்க்க வந்தவர் எல்லாவற்றையும் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். எடைக்கு எடுப்பவர் கண் இரும்பின் மேல் இல்லை, உள்ளே இருக்கும் ராமின் மேல்தான். ஆர்730 வெளிவந்தது 2014-இல். அதன் பெட்டிக்கு இன்று பெரிய மதிப்பில்லை. ஜியான் இ5-2680 வி4 போன்ற 14 கோர் ப்ராசசர்களும் பெரிய டேட்டா சென்டர்களிலிருந்து குவியல் குவியலாக வெளியே வந்துவிட்டதால் மலிந்துவிட்டன. ராம் அப்படியில்லை. அதே தலைமுறையைச் சேர்ந்த மற்ற நிறுவன சர்வர்களிலும் அது பொருந்தும். போதாக்குறைக்கு, இந்த சர்வர்களில் உள்ள டிடிஆர்4 வகை ராமின் தயாரிப்பை 2025-இல் தயாரிப்பாளர்கள் குறைத்துக்கொண்டதும் அதன் விலை ஏறவே செய்தது.

ஒரு ராமைக் கழற்றி ஸ்டிக்கரைப் பாருங்கள். ‘32ஜிபி 2ஆர்எக்ஸ்4 பிசி4-2400டி-ஆர்’ என்பதுபோல் இருக்கும். 2400 என்பது வேகம். சர்வர் ராமில் இரண்டு ரகம் உண்டு: கடைசிப் பகுதி ‘ஆர்’ என்று தொடங்கினால் ஆர்டிம், ‘எல்’ என்று தொடங்கினால் எல்ஆர்டிம். இரண்டையும் ஒரே சர்வரில் கலந்து போட்டால் ஆன் ஆகாது. எனவே கலந்து மூட்டை கட்டிய ராமுக்கு யாரும் நல்ல விலை சொல்ல மாட்டார்கள். ரகம், அளவு, வேகம் என்று பிரித்து எண்ணி, உண்மையில் விற்று முடிந்த விலையால் பெருக்குங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலையை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. அந்தத் தொகையை எடைக்காரர் சொன்னதோடு ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும்.

ராமைத் தனியாக விற்பதென்றாலும் அத்தனையையும் உருவிவிடாதீர்கள். ஒரு ப்ராசசருக்கு ஒன்று வீதம் இரண்டை விட்டுவையுங்கள். ஆன் செய்து காட்டக்கூடிய சர்வரும் வெறும் கூடும் ஒன்றல்ல.

மதிப்பு அதிகம் வீணாவது ரேக்கிலிருந்து, அதாவது சர்வர்களை அடுக்கும் இரும்புச் சட்டத்திலிருந்து, இறக்கும் நாளில்தான். சர்வரைத் தாங்கும் ரெயில்களை ரேக்கிலேயே விட்டுவிடுகிறார்கள். டிஸ்கைத் தாங்கும் ட்ரே, முன்மூடியின் சாவி, கூடுதல் கார்டுகளைப் பொருத்தும் ரைசர் கார்டு எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் போய் விழுகின்றன. வாங்குபவர் பின்னால் இவற்றைத் தனித்தனியாகத் தேடி வாங்க வேண்டும். அந்தச் செலவை உங்கள் விலையில்தான் கழிப்பார். எந்த ரெயில் எந்த சர்வீஸ் டேகுக்கு (சர்வரின் அடையாள எண்) உரியது என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்.

ப்ராசசரைக் கழற்றினால் சாக்கெட் மேல் பிளாஸ்டிக் மூடியை உடனே போட வேண்டும். இந்த வகையில் பின்கள் ப்ராசசரில் இல்லை, போர்டில் இருக்கின்றன, முடிபோல் மெல்லியவை. ஹீட்சிங்க் ஒட்டும் பசை பட்ட துணியின் நூல் ஒன்று மாட்டி இழுத்தாலே வளைந்துவிடும். வளைந்த பின்னோடும் சர்வர் ஆன் ஆகலாம், ஆனால் ஒரு மெமரி சேனலே, அதாவது ராமின் ஒரு பகுதியே, காணாமல் போகும். அதை வாங்கியவர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து கழற்றிய எஸ்ஏஎஸ் (சர்வர்களுக்கான இணைப்பு வகை) டிஸ்குகளை சர்வரில் போட்டால் 0 அளவு காட்டுகிறது. எல்லாமே பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதில்லை. பல ஸ்டோரேஜ் பெட்டிகள் டிஸ்கின் சிறு கூறான ஒரு செக்டருக்கு 512 பைட்டுக்குப் பதில் 520 பைட் வைத்து எழுதுகின்றன. மிச்ச 8 பைட் தரவைச் சரிபார்க்க. சாதாரண இயங்குதளத்துக்கு இது புரியாது. டிஸ்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ரெயிட் கண்ட்ரோலரை, டிஸ்கை நேரடியாகக் காட்டும் எச்பிஏ முறைக்கு மாற்றி, லினக்ஸில் எஸ்ஜி3-யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள எஸ்ஜி_ஃபார்மேட் கருவியால் அளவு 512 என்று கொடுத்து ஃபார்மேட் செய்யுங்கள். தரவைச் சரிபார்க்கும் பாதுகாப்புத் தகவல் (ப்ரொடெக்ஷன் இன்ஃபர்மேஷன்) வகை ஏதாவது இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் 0 ஆக்குங்கள். பெரிய டிஸ்குக்குப் பல மணி நேரம் பிடிக்கும். நடுவில் மின்சாரம் போனால் ‘ஃபார்மேட் சிதைந்தது’ என்று நிற்கும். பதறி எறிந்துவிடாதீர்கள், முதலிலிருந்து மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் மீண்டுவிடும். தானே குறியாக்கம் செய்யும் டிஸ்க் பூட்டிக்கொண்டிருந்தால், லேபிளில் அச்சிட்ட 32 எழுத்து பிஎஸ்ஐடி என்ற குறியீட்டைக் கொடுத்துத் திறக்கலாம். தரவு போய்விடும், டிஸ்க் பிழைக்கும். அதனால் லேபிளைக் கிழிக்காதீர்கள்.

கேள்வி: தரவு கசியக்கூடாது என்று எல்லா டிஸ்கையும் உடைத்துவிடச் சொல்கிறது நிர்வாகம். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்டின் 800-88 வழிகாட்டி மூன்று நிலைகளைச் சொல்கிறது: மேலெழுதி அழித்தல், ஆய்வகத்திலும் மீட்க முடியாதபடி அழித்தல், உடைத்தல். பெரும்பாலான அலுவலகத் தரவுக்கு இரண்டாவது போதும். எஸ்எஸ்டி-யில் பழைய பாணியில் மேலெழுதுவது பலிக்காது. பயனருக்குத் தெரியாத உதிரி இடங்களில் தரவு தங்கிவிடும். டிஸ்கே தரும் சானிடைஸ் (முழுதும் அழிக்கும்) கட்டளையையோ, குறியாக்கச் சாவியை அழிக்கும் முறையையோ பயன்படுத்தி, முடிந்ததும் சில இடங்களைப் படித்துச் சரிபாருங்கள். ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் எண், முறை, தேதி, செய்தவர் பெயர் ஆகியவற்றைப் பட்டியலாக வையுங்கள். அதோடு டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையையும் இணையுங்கள். எஸ்எஸ்டி வாங்குபவர் முதலில் கேட்பது எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்பதைத்தான்.

உடைத்தே தீர வேண்டும் என்றால் ட்ரேயைக் கழற்றிவிட்டு உடையுங்கள். ட்ரேயில் எந்தத் தரவும் இல்லை.

கேள்வி: சோதித்து விற்ற ஏஎம்டி எபிக் ப்ராசசர் வேலை செய்யவில்லை என்று திரும்பி வந்தது. எங்களிடம் நன்றாகவே ஓடியது. எப்படி?

பதில்: அது ஒரு நிறுவனத்தின் போர்டோடு பூட்டப்பட்ட ப்ராசசராக இருக்கலாம். பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியில், போர்டு தன் நிறுவனத்தின் டிஜிட்டல் சாவியின் அடையாளத்தை ப்ராசசருக்குள், ஒருமுறை எழுதினால் மாறாத ‘ஃப்யூஸ்’களில் எழுதிவிடும். அதை அழிக்க வழியில்லை. அதன்பின் வேறு நிறுவனப் போர்டில் அது எழவே எழாது. எந்த சர்வரிலிருந்து எடுத்தது என்று விளம்பரத்தில் எழுதுவதுதான் நேர்மை. இதேபோல், கிளவுடில் பதிவான நெட்வொர்க் கருவிகளையும் உங்கள் கணக்கிலிருந்து விடுவித்த பிறகே அனுப்புங்கள். விடுவிக்காத ஸ்விட்ச் வாங்குபவருக்கு வெறும் தகரம்.

கேள்வி: எப்போது விற்பது நல்லது?

பதில்: இறக்கிய மாதமே. கிடங்கில் இரண்டு வருடம் வைத்தால் விலை கூடுவது அபூர்வம். அலுவலகக் கணினிகளில் இதை நேராகவே பார்த்தோம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் கணினிகளுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. அந்தத் தேதிக்குப் பல மாதம் முன்பே விற்றவர்களுக்கு வாங்க ஆள் இருந்தது.

கேள்வி: அனுப்பிய சர்வரின் முன்பக்கக் காதுகள் (ரேக்கில் பூட்டும் பக்கப் பட்டைகள்) ஒடிந்து போய்ச் சேர்ந்தன. எப்படிக் கட்ட வேண்டும்?

பதில்: முழுக்க நிரம்பிய 2யு (ரேக்கில் இரண்டு அடுக்கு உயரம் உள்ள) சர்வர் 30 கிலோவை எட்டும். காற்றுக்குமிழ்த் தாள் அந்த எடையைத் தாங்காது, நசுங்கிவிடும். டிஸ்குகளைக் கழற்றி நிலைமின் தடுப்புப் பையில் தனியாக வைத்து, நுனிகளுக்கும் காதுகளுக்கும் கெட்டியான ஃபோம் துண்டு வெட்டிக் கொடுத்து, இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டியில் போடுங்கள். ரெயிலை மட்டும் சர்வர் மேல் சும்மா வைத்து மூடாதீர்கள். வழியெல்லாம் மூடியைக் குத்திக்கொண்டே போகும்.