காற்று மாசுக்கும் கொரோனா இறப்புக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

மாசு மிகுந்த ஊர்களில் கொரோனா இறப்பு அதிகமாக இருந்ததற்கு மக்கள் நெருக்கம் மட்டும்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். நெருக்கம் ஒரு காரணம்தான். ஆனால் காற்றுக்கும் தனியே பங்கு உண்டு என்பதே என் பதில்.

2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்துகள் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ 30-இல் ஒரு பங்குதான் என்பதால், மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்று படிகிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளியை இடைவிடாது மேலே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகள் இதனால் தளர்கின்றன. கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய பாதுகாப்புச் செல்களோ கரித்துகளை விழுங்கியே திறன் குன்றிவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படிச் சுவாசித்தவருக்கு இதய நோயும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. அவை இருப்பவரிடம் வைரஸ் மேலும் கடுமையாக நடந்துகொள்கிறது.

அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட மாவட்டங்களை ஆராய்ந்த ஹார்வர்டு குழு, ஒரு கன மீட்டர் காற்றில் நீண்டகாலச் சராசரி நுண்துகள் 1 மைக்ரோகிராம் கூடினால் கொரோனா இறப்பு விகிதம் 11% கூடுவதாக 2020 நவம்பரில் வெளியிட்டது. மக்கள் அடர்த்தி, வறுமை, வயது, புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் கிடைத்த எண் இது. மாவட்டச் சராசரியை வைத்துத் தனி ஒருவரின் இறப்புக்குக் காரணம் சொல்ல முடியாது என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் 2003-இல் சீனாவில் சார்ஸ் (கொரோனா வகை வைரஸ் ஒன்றால் வரும் கடும் சுவாச நோய்) பரவியபோதும் மாசு மிகுந்த பகுதிகளில் இறப்பு விகிதம் உயர்ந்தே காணப்பட்டது என்பதால், இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இங்கே பேசுவது பல்லாண்டுக் காற்றைப் பற்றி. பொதுமுடக்கத்தின்போது சில வாரங்கள் வானம் தெளிந்ததால் நுரையீரலில் ஏற்கெனவே நேர்ந்த சேதம் மறைந்துவிடவில்லை.