தலைப்பொங்கலுக்கு வேலூர், தை அமாவாசைக்குக் காவலூர்: ஜோடிப் பயணக் கேள்வி-பதில்

கார்த்திகை பிறந்ததும் வேலூர்ப் பக்கம் ஜோடியாகக் கிளம்புகிறவர்களின் கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். "ரெண்டு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்?" என்பதே அவற்றில் பாதி. அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வட ஆற்காட்டுப் பனிக்காலத்துக்கு இரண்டு பாதி உண்டு. கார்த்திகை வரை மழை ஈரம். அருவியும் ஏரியும் அப்போதுதான் பார்க்கத் தகும். மார்கழி பாதிக்கு மேல் வறண்ட பனி. கோட்டை, மலை, நட்சத்திரம் எல்லாம் அதற்கு. நீங்கள் எந்தப் பாதியில் வருகிறீர்கள் என்று சொன்னால் போதும், மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

எனக்கு மதுரை, மனைவிக்குக் குடியாத்தம். தலைப்பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்கு வருகிறோம். கையில் ஐந்து நாள் லீவு. வேலூரைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.
*— புது மாப்பிள்ளை, மதுரை*

மாப்பிள்ளை, போகியும் பொங்கலும் உங்கள் கையில் இல்லை. உட்கார்ந்து சாப்பிடுங்கள். மாட்டுப் பொங்கலை ஒட்டி இந்தப் பக்கத்துக் கிராமங்களில் எருது விடும் விழா தொடங்கிவிடும். மதுரைக்காரர் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன், இங்கே மாட்டை யாரும் அணைய மாட்டார்கள். இருபக்கமும் தடுப்பு கட்டிய வீதியில் மாடு தனியாக ஓடும். எத்தனை நொடியில் எல்லையைத் தொட்டது என்பதுதான் போட்டி. பார்க்கப் போனால் தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். மனைவி முன்னால் வீரம் காட்ட வேண்டாம்.

காணும் பொங்கலன்று வேலூர்க் கோட்டைப் பூங்காவில் கால் வைக்க இடம் இருக்காது. அமிர்தி வனப் பூங்காவும் அப்படியே. அதற்கு அடுத்த நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் பள்ளிகொண்டா வழியாக வந்து முதலில் விரிஞ்சிபுரத்தில் இறங்குங்கள். சுவாமி பெயர் மார்க்கபந்தீஸ்வரர், வழித்துணைநாதர். புதிதாகக் கல்யாணமாகிப் பயணம் கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க இவரைவிடப் பொருத்தமானவர் யார்? 'திருவிரிஞ்சை மதிலழகு' என்று சும்மா சொல்லவில்லை. வெளியே நின்று அந்தக் கல்மதிலை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். உள்ளே தெற்குப் பக்கம் ஒரு நேரம் காட்டும் கல் இருக்கிறது. அரைவட்டமாகக் கோடுகள் செதுக்கி எண்கள் போட்டிருப்பார்கள். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழுகிற கோடுதான் மணி. தை மாதத்து வெயில் இதற்குத் தோது. செல்போனில் மணி பார்த்துச் சரியா என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோட்டை. உச்சி வெயிலில் போகாதீர்கள், தை மாதமானாலும் கருங்கல் சுடும். 'சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு, ராஜாவில்லாத கோட்டை' என்று வேலூரைக் கேலி பேசுவது பழைய வழக்கம். அதில் முதலாவது 1981-ல் தீர்ந்தது. பல நூறு ஆண்டு வெறுமையாகக் கிடந்த கருவறைக்கு, சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரரைக் கொண்டுவந்து வைத்தார்கள். நுழைந்ததும் இடப்பக்கக் கல்யாண மண்டபத்தை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். யாளியையும் குதிரை வீரனையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் நடுவில் நின்று விதானத்தைப் பாருங்கள்: விரிந்த பூவைச் சுற்றிக் கல் கிளிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

கோட்டைக்குள்ளேயே அரசு அருங்காட்சியகம் உண்டு, வெள்ளிக்கிழமை விடுமுறை. 1806 ஜூலை 10 விடியலில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததும், ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றே அடக்கியதும் இந்த மதிலுக்குள்தான். 1857 சிப்பாய்ப் புரட்சிக்கு அரை நூற்றாண்டு முந்தைய கதை.

கடைசியாக உங்களுக்கென்றே ஓர் இடம்: பாலாற்றங்கரை முத்து மண்டபம். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815-ல் பிடித்து, இந்தக் கோட்டையில் காவலில் வைத்தார்கள். 1832 ஜனவரியில் இங்கேயே காலமானார். கண்டி அரச குடும்பத்தார் பெண்ணெடுத்தது உங்கள் மதுரைச் சீமையிலிருந்துதான். ஆக, அங்கே போனால் நீங்கள் பெண்வீட்டார்!

டிசம்பர் கடைசி வாரம் ஏலகிரியா, ஜவ்வாது மலையா? பைக்கில் வருகிறோம்.
*— வாசகி, ஓசூர்*

கடைசி வாரம் என்றால் ஜவ்வாது. ஏலகிரி அழகில்லை என்று இல்லை. கொண்டை ஊசி வளைவு பதினான்குக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த பாதை, புங்கனூர் ஏரியில் படகு, காலை எட்டு மணி வரை விலகாத பனி, எல்லாம் உண்டு. ஆனால் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை சென்னையும் பெங்களூரும் சேர்ந்து அங்கேதான் இருக்கும், அறை வாடகையும் அதற்கேற்ப ஏறும். ஏலகிரிதான் வேண்டுமென்றால் ஜனவரி நடுவில், வார நாளில் வாருங்கள்.

ஜவ்வாதில் ஜமுனாமரத்தூரை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். பீமன் அருவியில் டிசம்பரில் தண்ணீர் இருக்கும். பாறை வழுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிக்கும் உற்சாகம் வேண்டாம். வழியில் சாமை விற்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். சொகுசு விடுதிகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இருட்டுவதற்குள் மலைப்பாதையை முடித்துவிடுங்கள். பெட்ரோலைக் கீழேயே நிரப்புங்கள். ஸ்வெட்டர் இருவருக்கும் தேவை. பின்னால் உட்காருகிறவருக்குத்தான் குளிர் அதிகம் தெரியும் என்பது ஓட்டுகிறவருக்குப் புரிவதே இல்லை.

இன்னொன்று. ஏலகிரி மேலிருந்து ஜலகாம்பாறை அருவிக்கு வண்டியில் இறங்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மேலிருந்து காட்டு வழி நடைதான். வண்டிக்குத் திருப்பத்தூர் சுற்றித்தான் போக வேண்டும்.

காவலூர் வானாய்வு நிலையத்தில் ஜோடியாக நட்சத்திரம் பார்க்க முடியுமா? பெரிய தொலைநோக்கியில் கண் வைக்க விடுவார்களா?
*— வாசகர், திருவள்ளூர்*

2.3 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கியில் கண் வைக்க ஆராய்ச்சியாளர்களுக்கே வேலையில்லை, அங்கே பார்ப்பது கருவிகள்தான். 1986 முதல் அது ஆய்வுக்கானது. பொதுமக்களுக்குச் சனிக்கிழமை, வானம் தெளிவாக இருந்தால் சிறிய தொலைநோக்கியில் காட்டுவார்கள். இரவு நிகழ்ச்சி உண்டா என்று நிலையத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கார்த்திகையில் வந்து மேகத்தைப் பார்த்துத் திரும்பியவர்கள் ஏராளம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகே இங்கே வானம் திறக்கும்.

என் யோசனை, தை அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை. நிலா இருக்காது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மாலைக்குள் போய்விடுங்கள். இரவு ஏழரை மணிவாக்கில் தலைக்கு ஏறக்குறைய நேர் மேலே கார்த்திகைக் கூட்டம் நிற்கும். அதற்குக் கிழக்கே சற்றுச் சிவந்து ரோகிணி. இன்னும் கிழக்கே இறங்கினால் ஓரியன் என்னும் வேட்டைக்காரன்: இடுப்பில் மூன்று நட்சத்திரம் வரிசையாக, தோளில் செம்மையாகத் திருவாதிரை. உங்கள் இருவரில் யாருக்காவது இந்த நட்சத்திரங்களில் ஒன்று ஜன்ம நட்சத்திரமாக இருந்தால், ஜாதகத்தில் படித்ததை நேரில் பார்த்த மாதிரி இருக்கும்.

யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977-ல் தெரியவந்தபோது அதைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-ல் இங்கிருந்து கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர். அங்கே டார்ச் அடிக்காதீர்கள், செல்ஃபி வெளிச்சமும் கூடாது.

எங்கள் இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி. சோளிங்கரும் பொற்கோயிலும் பார்க்க ஆசை.
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்*

ஐயா, சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி என்ற பயம் இனி வேண்டாம். 2024 முதல் ரோப்கார் ஓடுகிறது. மேலே இறங்கிய பிறகும் கொஞ்சம் படி இருக்கிறது, கைப்பிடித்து ஏறிவிடலாம். காற்று பலமாக அடித்தாலும் பராமரிப்பு வேலை இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள், முதல் நாளே விசாரியுங்கள். யோக நரசிம்மர் கண் திறப்பதாக ஐதீகம் உள்ள கார்த்திகை மாதத்தில் கூட்டம் சொல்லி மாளாது. அம்மாவின் காலை நினைத்து, மார்கழியில் ஒரு வார நாளில் வாருங்கள். குரங்குக்குப் பயந்து கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள்.

ஸ்ரீபுரம் பொற்கோயிலில்தான் உண்மையான நடை. நட்சத்திர வடிவப் பாதையில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். சமதளம்தான், ஆனாலும் தூரம் தூரம்தானே. செல்போன், கேமரா உள்ளே கிடையாது. லுங்கி, அரைக்கால் சட்டைக்கும் அனுமதியில்லை. விளக்கு போட்ட பிறகு தங்கம் ஜொலிப்பதைப் பார்க்க மாலையில் நுழையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

சி.எம்.சி. எதிரில் ரூம் போடலாமா?
*— வாசகர், தஞ்சாவூர்*

வேண்டாம். காந்தி ரோடு லாட்ஜுகள் வங்காளம், அசாம், ஜார்க்கண்ட் என்று வெகுதூரத்திலிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பங்களுக்கு. சுற்றுலா வந்த நாம் அந்த அறைகளை அடைப்பது நியாயமில்லை. காட்பாடிப் பக்கம் தங்குங்கள், ரயிலும் அங்கேதான். ஆனால் ஒரு மாலை காந்தி ரோட்டில் நடந்துவிட்டு வாருங்கள். வங்காள எழுத்துப் பலகைகளும் மீன் குழம்பு வாசனையும் தமிழ்நாட்டின் வேறு ஊரில் கிடைக்காது.

வரலாறு பிடிக்கும், கூட்டம் பிடிக்காது.
*— தம்பதி, சென்னை*

மகேந்திரவாடி. அரக்கோணம்–காட்பாடி பாதையில் அதே பெயரில் பாசஞ்சர் நிற்கும் ஸ்டேஷன் உண்டு. வயல் நடுவே தனியாகக் கிடக்கும் ஒரு பாறையைக் குடைந்து, முதலாம் மகேந்திரவர்மன் திருமாலுக்குச் செய்த குடைவரை. ஊருக்கும் ஏரிக்கும் கோயிலுக்கும் தன் பெயரையே வைத்ததைக் கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். அடக்கம் அவனுக்கு ஒத்துவரவில்லை போலும். அப்புறம் அங்கிருந்து ஆற்காடு: பாலாற்றங்கரை டெல்லி கேட், திப்பு அவுலியா தர்கா. ஹைதர் அலி தன் மகனுக்குப் பெயர் வைத்தது இந்த அவுலியா நினைவாகத்தான்.

ஆற்காட்டில் மக்கன் பேடா சாப்பிடாமல் திரும்பாதீர்கள். பார்க்கக் குலாப் ஜாமூன் போலத்தான் இருக்கும். பிட்டால் உள்ளே முந்திரி, பிஸ்தா, சாரைப்பருப்பு. ஒருவருக்கு ஒன்று போதும்.

நான் பிரியாணிப் பிரியன், மனைவி சுத்த சைவம். ஆம்பூரில் என்ன செய்வது?
*— வாசகர், ஈரோடு*

உங்களுக்குச் சீரகச் சம்பா பிரியாணி. அவருக்குப் பிரியாணியோடு தரும் கத்திரிக்காய் தொக்கு என்று சொல்ல ஆசைதான், ஆனால் அதே சமையலறை. அவரைத் தனியாகச் சைவ ஹோட்டலில் உட்கார வையுங்கள். திரும்பும்போது சந்தையில் இலவம்பாடி முள் கத்திரிக்காய் கிடைத்தால் வாங்கிக்கொடுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பு முள் குத்தும், பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

டிசம்பர் 31 இரவு திருத்தணி வழியாகக் காரில் வரலாமா?
*— வாசகி, ஆவடி*

அன்றைக்குத் திருத்தணியில் படித் திருவிழா. 365 படிக்கும் பூஜை, படிக்கொரு திருப்புகழ். வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்த வழக்கம். பாடப் போகிறீர்கள் என்றால் வாருங்கள். வேலூர் போவதுதான் நோக்கம் என்றால் ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா வழி.