சொம்புத் தண்ணீரும் ரெட்டை ஜடையும்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. மனைவிக்குக் காலை ஷிப்ட் என்பதால் ரெட்டை ஜடை போட்டு, டிபன் கட்டி, பள்ளியில் கொண்டுபோய் விடுவது நான்தான். ரிப்பன் ஒழுங்காகக் கட்ட வருவதற்கே மூன்று மாதம் ஆனது. சாயந்திரம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து தருவாள். எங்கள் அம்மாவே திரும்பி வந்தது போல் இருக்கும். பெருமையாகச் சொன்னால் நண்பர்கள், ‘இன்னொரு வீட்டுக்குப் போகிற பொண்ணு, இவ்வளவு ஒட்டாதே’ என்கிறார்கள். நான் அளவு மீறுகிறேனா?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: இல்லை. மூன்று மாதம் ஆனது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டேன். சிக்கை மேலிருந்து இழுத்தால் குழந்தை கத்தும், நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும் என்பதெல்லாம் தினமும் சீப்பைப் பிடிப்பவருக்குத்தான் தெரியும். வகிடு கோணினால் ஒரு ஜடை பெருத்து, ஒரு ஜடை இளைத்துப்போகும் என்பதும். இதையெல்லாம் கற்றுக்கொண்டவர் எதற்காக நண்பர்களிடம் அளவு கேட்க வேண்டும்?

அவர்கள் சொல்வது சட்டப்படியும் பழைய கதை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லேயே திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005-ல் அது நாடு முழுமைக்கும் வந்தது. அந்த உரிமை பிறப்பாலேயே வருவது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்யாணம் ஆனாலும் அவள் உங்கள் வீட்டுப் பெண்தான்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொம்புத் தண்ணீர். குழந்தை ஆசையாகக் கொண்டு வருகிறாள், வாங்கிக் குடியுங்கள். ஆனால் அதைப் பார்த்து ‘எங்கள் அம்மாவே’ என்று உருகும்போது, ஏழு வயதில் அவளுக்கு ஒரு வேலையைப் பழக்குகிறீர்கள். வீட்டு ஆணுக்குத் தண்ணீர் தருவதுதான் தன்னிடம் இருக்கிற நல்லது என்று அவள் புரிந்துகொள்வாள். நண்பர்கள் ‘இன்னொரு வீடு’ என்று சொல்கிறார்களே, அந்த வீட்டுக்கான ஒத்திகை இங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்களுக்குப் பிடிக்காத அந்தப் பேச்சும் உங்களுக்குப் பிடித்த இந்தப் பெருமையும் ஒரே கிணற்றுத் தண்ணீர்.

நானும் ஒருவருக்கு மகள்தான். என் அப்பா வெளியே போய் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பானைக்குப் போய்த் தானே மொண்டு குடிப்பார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அப்பா நாராயணசாமி புதுக்கோட்டையில் கல்லூரி முதல்வர். மகள் வெளியே போய்ப் படிக்க முடியாத காலத்தில் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்த மகள் 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்; 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பெண்ணின் அறிவைப் பார்த்து ஓர் அப்பா பூரித்தால் அது எங்கெல்லாம் போய்ச் சேரும், பாருங்கள்.

உங்கள் கடிதம் ஒரு பக்கம் நீளம். உங்கள் கைவேலை இருக்கிறது, அவள் தரும் தண்ணீர் இருக்கிறது. அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபப்படுவாள், யாரோடு சண்டை, எதுவுமே இல்லை. தினமும் அரை மணி நேரம் அவள் தலை உங்கள் கையில் இருக்கிறது, அதற்குள் என்ன ஓடுகிறது என்று ஒரு வரி இல்லையே!

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில் 29சி ஏறுங்கள். ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுங்கள். பெசன்ட் நகர் போய்ச் சேரும் வரை அவள் பேசட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டு வாருங்கள். அப்புறம் அவள் என்னவெல்லாம் கேட்டாள், எந்தக் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியவில்லை என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தை முழுசாகப் போடுகிறேன்.