கசியும் 6 அடி மீன் தொட்டிக்கு எந்தச் சிலிகோன்?

கோலாலம்பூர், செந்தூலில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டில் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. வாங்கி 10 வருடம் ஆகிறது. உள்ளே ஒரே ஒரு கெலிசா (அரோவானா மீன்). இரண்டு வாரமாகப் பின்பக்கக் கீழ் மூலையில் தண்ணீர் கசிகிறது. ஹார்ட்வேர் கடையில் பாத்ரூமுக்குப் பூசும் சிலிகோன் வாங்கி வைத்திருக்கிறேன். கசியும் இடத்தில் மட்டும் பூசினால் போதுமா?"

வாங்கி வைத்திருக்கும் அந்தச் சிலிகோன் குழாயைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பாத்ரூம், சமையலறைச் சிலிகோனில் கறுப்புப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள். லேபிளில் 'அன்டிகுலாட்' என்றோ 'ஆன்டி மோல்ட்' என்றோ போட்டிருந்தால் அது அந்த வகைதான். பூஞ்சையைக் கொல்லும் அந்த மருந்து மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கும். குளியலறைச் சுவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. இரவும் பகலும் அதே தண்ணீரில் மூச்சுவிடும் மீனுக்கு அது விஷம்.

உங்களுக்கு வேண்டியது மீன் தொட்டிக்கென்றே விற்கும், 100 சதவீதம் சிலிகோன் என்று எழுதியிருக்கும் குழாய். பெரும்பாலும் அது பூசும்போது வினிகர் வாடை அடிக்கும் அசெட்டிக் வகையாக இருக்கும். அந்த வாடையைக் கண்டு பயப்பட வேண்டாம். சிலிகோன் காற்றில் உள்ள ஈரத்தை எடுத்து இறுகும்போது வெளிவிடும் அசெட்டிக் அமிலம்தான் அது. முழுதாக இறுகியதும் போய்விடும். ஆனால் வினிகர் வாடை அடித்துவிட்டால் மட்டும் மீனுக்கு நல்லது என்று அர்த்தமில்லை. பாத்ரூம் சிலிகோன் சிலவற்றிலும் அதே வாடை உண்டு. லேபிளைத்தான் நம்ப வேண்டும். மேலே பெயிண்ட் அடிக்கலாம் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் அக்ரிலிக், தண்ணீருக்குள் நிற்காது. எபாக்ஸி பசை கல்லாக இறுகிவிடும். தண்ணீர் நிரம்பும்போது கண்ணாடி லேசாக வளையும், அதோடு சேர்ந்து வளைய எபாக்ஸிக்குத் தெரியாது.

உங்கள் தொட்டி பெரியது என்பதையும் கணக்கில் எடுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 680 லிட்டர். முன்பக்கக் கண்ணாடியை மட்டுமே 300 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு தண்ணீர் வெளியே தள்ளுகிறது. சில குழாய்களின் பின்பக்கத்தில் எவ்வளவு பெரிய தொட்டி வரை தாங்கும் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்கும் முன் அதைப் படியுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள், நம் ஊர்ச் சூட்டில் கடை அலமாரியிலேயே குழாய் கெட்டுப்போவது உண்டு. வாங்கியதும் ஒரு துண்டுக் கண்ணாடியில் கொஞ்சம் பிதுக்கி ஒரு நாள் வையுங்கள். மறுநாளும் மேலே பிசுபிசுவென்று ஒட்டினால் அந்தக் குழாய் ஆகாது. கறுப்பா, நிறமில்லாததா என்பது உங்கள் விருப்பம்.

சரி, குழாய் கிடைத்துவிட்டது. கசியும் இடத்தில் மட்டும் பூசலாமா? கூடாது. நான் தொட்டி வளர்க்கத் தொடங்கிய காலத்தில் இதைத்தான் செய்தேன். மூன்றாவது வாரம் நடு இரவில் கூடமெல்லாம் தண்ணீர். இறுகிவிட்ட பழைய சிலிகோன் மேல் புதியது சரியாக ஒட்டாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதில் மாற்றமில்லை. புதியது பிடிப்பது சுத்தமான கண்ணாடியை மட்டும்தான்.

அதனால் முதலில் எந்த இணைப்பு போயிருக்கிறது என்று பாருங்கள். தொட்டியில் இரண்டு வேலை செய்யும் சிலிகோன் இருக்கிறது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் மெல்லிய கோடாக இருப்பதுதான் தொட்டியைத் தாங்கிப் பிடிக்கிறது. உள் மூலைகளில் தடிப்பாக ஓடுவது தண்ணீர் வெளியே போகாமல் மறிக்கும் கரை. வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நடுக்கோட்டில் வெள்ளையாகக் குமிழோ, பிரிந்த இடமோ தெரிந்தால் வீட்டில் சரிசெய்ய நினைக்காதீர்கள். அந்தத் தொட்டியைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும், அது தொட்டி செய்பவர் வேலை. நடுக்கோடு நன்றாக இருந்து உள்கரை மட்டும் உரிந்திருந்தால் நீங்களே செய்யலாம். ஸ்டாண்ட் மேல் ஒரு ரசமட்டத்தையும் வைத்துப் பாருங்கள். ஒரு கால் இறங்கியிருந்தால் அதைச் சரிசெய்யாமல் என்ன பூசினாலும் திரும்பக் கசியும்.

கெலிசாவை மூடியுள்ள பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள், அது குதிக்கும். பழைய பில்டரையும் அங்கேயே ஓடவிடுங்கள். பில்டர் நின்று காய்ந்தால் கழிவை உடைக்கும் பாக்டீரியா செத்துவிடும், பிறகு தொட்டி சரியானாலும் மீன் தாங்காது.

தொட்டியைக் காலிசெய்து காயவைத்தபின் பிளேடால் உள்கரை முழுவதையும் சுரண்டுங்கள். கசிந்த மூலை மட்டுமல்ல, கீழே நான்கு பக்கமும், நான்கு செங்குத்து மூலைகளும். பழைய கரையைப் பாதியில் விட்டால் புதியது அதோடு சேரும் இடத்தில் கசிவு தொடங்கும். பிளேடு இரண்டு கண்ணாடிக்கு நடுவில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத படலம் மிஞ்சும், அதுதான் வேலையைக் கெடுக்கும். அசிட்டோன் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புப் பக்கம் இல்லாமல். அப்புறம் அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள்.

மூலையின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரே இழுப்பில் பூசி, உடனே விரலால் வழித்து, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரியுங்கள். கோலாலம்பூர்க் காற்றில் ஈரம் அதிகம், அதனால் மேல்தோல் சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கிவிடும். ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். அறையில் ஏர்கான் போடாதீர்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி, உள்ளே இறுகுவதைத் தாமதப்படுத்தும்.

மேலே தொட்டால் மறுநாளே கெட்டியாகத் தெரியும். உள்ளே இறுக நாள் பிடிக்கும். இந்த அளவுத் தொட்டிக்கு ஒரு வாரம் விடுங்கள். பிறகு கால் பங்கு நிரப்பி ஒரு நாள், பாதி நிரப்பி ஒரு நாள், முழுதும் நிரப்பி இரண்டு நாள். ஒவ்வொரு முறையும் மூலைகளுக்குக் கீழே டிஷ்யூ வைத்துப் பாருங்கள், ஒரு பொட்டு ஈரம் பட்டாலும் அதில் தெரிந்துவிடும். நீங்கள் பிளாட்டில் இருந்தால் இரவில் நிரப்பிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், கீழ்வீட்டுக்காரரின் கூரையும் இதில் இருக்கிறது. டிஷ்யூ காய்ந்தே இருந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கி, பில்டரைத் திரும்ப மாட்டி, சூடு சமமானபின் கெலிசாவை விடுங்கள்.