தம் முதலில், எடை அப்புறம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குதிரைப் பந்தயம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். சென்ற வாரம் 1973ஆம் ஆண்டு கிராண்ட் நேஷனல் என்ற, இங்கிலாந்தின் புகழ்பெற்ற வேலி தாண்டும் ஓட்டத்தின் பழைய ஒளிப்பதிவைப் பார்த்தேன். கிறிஸ்ப் என்ற குதிரை ஓட்டத்தின் பெரும்பகுதியை முன்னணியிலேயே ஓடிவிட்டு, எல்லைக்கோட்டுக்குச் சில அடி முன்பு ரெட் ரம்மிடம் தோற்றுப்போகிறது. இரண்டு நாளாக அந்தக் காட்சி மனதை விட்டுப் போகவில்லை. அதிக எடை சுமந்ததால்தான் தோற்றது என்கிறார் ஒரு நண்பர். அவ்வளவு தூரத்துக்கு அதற்குத் தம் கிடையாது என்கிறார் இன்னொருவர். எது சரி? 500 கிலோ எடையுள்ள ஒரு மிருகத்துக்கு இரண்டு மூன்று கிலோ கூடினால் என்ன, குறைந்தால் என்ன? நீண்ட தூர ஹேண்டிகேப் ஓட்டங்களில் எடை குறைந்த குதிரைகளைத்தான் கவனிக்க வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா? பெனால்ட்டி எடை என்பதையும் கொஞ்சம் விளக்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஒளிப்பதிவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. முடிவு தெரிந்திருந்தும், கடைசி வேலியைத் தாண்டியதும் கிறிஸ்ப் இந்தத் தடவை தப்பித்துவிடும் என்று மனம் நம்பத்தான் செய்கிறது. உங்கள் நண்பர்கள் இருவரும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கிலோ கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஹேண்டிகேப் ஓட்டத்தில் திறமை கூடிய குதிரைக்கு அதிக எடை, குறைந்த குதிரைக்குக் குறைந்த எடை. எல்லோருக்கும் ஏறத்தாழ சமமான வாய்ப்பைத் தருவதுதான் நோக்கம். குதிரையை ஓட்டும் ஜாக்கியும் சேணமும் சேர்ந்த எடை அது. போதாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடு செருகுவார்கள். குதிரைகளுக்கு இடையிலான தூரத்தை லெங்த் என்ற அளவால் சொல்வது வழக்கம். ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம், சுமார் 2.4 மீட்டர்.

குதிரை, ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்த்து 560 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிலோ என்பது 0.18 சதவீதம். ஒரு கிலோ கூடினால் வேகமும் அதே விகிதத்தில் குறையும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 1000 மீட்டர் ஓட்டத்தில் குதிரை 1.8 மீட்டர் பின்தங்கும். அது முக்கால் லெங்த். 3200 மீட்டரில் 5.7 மீட்டர், அதாவது இரண்டு லெங்துக்கும் மேல். பிரிட்டிஷ் பந்தயத்தில் பல தலைமுறையாகப் புழங்கும் கணக்கும் கிட்டத்தட்ட இதுதான்: ஐந்து ஃபர்லாங் (சுமார் 1000 மீட்டர்) ஓட்டத்தில் மூன்று பவுண்டு ஒரு லெங்துக்குச் சமம், இரண்டு மைலில் (சுமார் 3200 மீட்டர்) ஒரே ஒரு பவுண்டு, அதாவது அரை கிலோவுக்கும் குறைவு, ஒரு லெங்துக்குச் சமம். அதனால்தான் தூரம் கூடக் கூட எடை கடிக்கிறது என்கிறார்கள். நீங்கள் சொன்ன அந்த மூன்று கிலோ, ஆஸ்திரேலியாவின் 3200 மீட்டர் ஹேண்டிகேப் ஓட்டமான மெல்போர்ன் கோப்பையில் ஆறேழு லெங்த். பல வருடங்களில் முதல் குதிரைக்கும் ஐந்தாவது குதிரைக்கும் நடுவே அவ்வளவு தூரம்கூட இருப்பதில்லை.

சரி, அப்படியானால் எடையைப் பார்த்தே முடிவு செய்துவிடலாமா? கூடாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். மேலே போட்ட கணக்கு முழுவதும், குதிரைக்கு அந்தத் தூரத்தை ஓடி முடிக்கும் தம் இருந்தால் மட்டுமே செல்லும். ஐந்து கிலோ குறைத்துக் கொடுத்தால் கணக்குப்படி பன்னிரண்டு லெங்த் லாபம். தம் தீர்ந்துபோன குதிரை அந்தப் பன்னிரண்டு லெங்தைக் கடைசி 300 மீட்டருக்குள் தொலைத்துவிடும். எடை வித்தியாசம் ஓட்டம் முழுவதும் சிறிது சிறிதாகச் சேர்கிற ஒன்று. தம் இல்லாமை அப்படியில்லை, தண்ணீர்த் தொட்டி காலியாவது போல ஒரு கட்டத்தில் மொத்தமாக நின்றுபோகும். அதனால் நான் எப்போதும் தம்மைத்தான் முதலில் பார்க்கிறேன். அது தேறிய பிறகுதான் எடைப் பட்டியலைக் கையில் எடுப்பேன்.

தம்மை எப்படிக் கண்டுபிடிப்பது? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் குதிரையின் உடல் எனக்கு இன்னும் வியப்புத் தீராத விஷயம். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரை ஒரு எட்டு வைத்துத் தாவுவதற்கு ஒரு மூச்சுத்தான் விடுகிறது. மனிதனைப் போல நினைத்தபோது வேகமாக மூச்சு வாங்க அதனால் முடியாது. ஓட்டம் தொடங்கியதும் மண்ணீரலில் சேர்ந்திருக்கும் சிவப்பணுக்கள் ரத்தத்தில் கலக்கின்றன. அதை உடலெங்கும் தள்ள வேண்டியது இதயம். 1930களின் புகழ்பெற்ற பந்தயக் குதிரை ஃபார் லாப்பின் இதயம் இன்றும் ஆஸ்திரேலியாவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் எடை 6.2 கிலோ. 2010இல் டப்ளினில் எமலின் ஹில் என்ற விஞ்ஞானியின் குழு, மையோஸ்டாட்டின் என்ற ஒரு மரபணுவின் வகையை வைத்தே ஒரு குதிரை குறுந்தூரத்துக்கு ஏற்றதா, நெடுந்தூரத்துக்கு ஏற்றதா என்று பெருமளவு சொல்லிவிடலாம் என்று காட்டியது. தந்தை வழியையும் தாய் வழியையும் பார்த்துப் பழைய ஆட்கள் சொல்லி வந்ததற்கு அது ஒரு விஞ்ஞான ஆதாரம்.

நமக்கு மரபணுச் சோதனை எல்லாம் கிடைக்காது. நமக்குக் கிடைப்பது ஓட்டம் மட்டும்தான். 2400 மீட்டர் ஓட்டங்களில் கடைசி 600 மீட்டரைக் குதிரை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. மெதுவாக ஆரம்பித்து, எல்லோரும் கூட்டமாக வந்து, கடைசியில் மட்டும் பாய்ந்த ஓட்டத்தில் ஒரு குதிரை பிரமாதமாக முடித்தால், அதற்கு வேகம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். தம் இருப்பதாக அர்த்தம் இல்லை. முதலிலிருந்தே விரட்டு விரட்டு என்று போன ஓட்டத்தில், மற்றவை தளரும்போது தளராமல் அதே எட்டைப் போட்டு வருகிற குதிரை நான்காவதாக வந்திருந்தாலும் பரவாயில்லை, அதைக் குறித்து வைத்துக்கொள்வேன். ஈரம் ஊறிய தரையில் அப்படி ஓடியிருந்தால் இரண்டு கோடு போட்டுக் குறிப்பேன். சுபாவமும் முக்கியம். ஆரம்பத்திலேயே கடிவாளத்தை இழுத்து ஜாக்கியோடு மல்லுக்கட்டும் குதிரை, உடம்பில் தம் இருந்தும் அதைப் பாதி வழியிலேயே செலவழித்துவிடும். பெரிய ஸ்டேயர்கள், அதாவது நெடுந்தூரக் குதிரைகள், பலவும் முதல் ஒரு மைலைத் தூக்கத்தில் நடப்பது போல ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள்.

எடையும் தம்மும் நேருக்கு நேர் சந்திக்கிற இடம் ரேட்டிங். எடையை நிர்ணயிக்கும் அதிகாரியான ஹேண்டிகேப்பர் ஒரு குதிரைக்குக் கொடுக்கும் திறமை மதிப்பெண்தான் ரேட்டிங், அது இதுவரை ஓடிய தூரங்களில் செய்ததை வைத்து வருவது. 1600 மீட்டரிலும் 2000 மீட்டரிலும் சுமாராக ஓடிய ஒரு குதிரை உண்மையில் இரண்டு மைல் குதிரையாக இருந்தால், அதன் ரேட்டிங்கும் எடையும் அதன் நிஜத் திறமைக்குக் கீழே இருக்கும். நீண்ட தூர ஹேண்டிகேப்பில் தேட வேண்டியது இப்படிப்பட்ட குதிரையைத்தான். நெடுந்தூரத் திறமை குதிரைக்கு வயதோடு மெல்ல மெல்லத்தான் முதிர்கிறது. அதனால்தான் இளம் குதிரைக்கு வயதுக்காகக் கொடுக்கும் எடைச் சலுகை, தூரம் கூடும்போது கூடுகிறது. எல்லோருக்கும் முன்னதாக முதிர்ந்துவிட்ட இளம் குதிரைக்கு அந்தச் சலுகை பெரிய வரம். மெல்போர்ன் கோப்பையில் 2017இல் ரீகிண்ட்லிங் 51.5 கிலோவும், 2018இல் கிராஸ் கவுண்டர் 51 கிலோவும் சுமந்து வென்றன. இரண்டுமே வட அரைக்கோளக் கணக்கில் மூன்று வயதுக் குதிரைகள்.

இதைச் சொன்னதும், பார்த்தீர்களா, குறைந்த எடைதானே வென்றது என்று கேட்பீர்கள். பட்டியலின் அடியில் இருக்கும் குதிரைகளில் பல, குறைந்தபட்ச எடை என்ற விதியால்தான் அங்கே நிற்கின்றன. ரேட்டிங்படி 46 கிலோவுக்குத் தகுதியான குதிரைக்கு, குறைந்தபட்சம் 50 என்பதால் 50 ஏறுகிறது. பார்வைக்கு லேசான எடை, நிஜத்தில் அது நான்கு கிலோ அதிகச் சுமையோடு ஓடுகிறது. போதாததற்கு, 50 கிலோவில் ஏறக்கூடிய முதல்தர ஜாக்கிகள் கொஞ்சம் பேர்தான்.

மேலே இருக்கிறவர்கள் தோற்றே ஆக வேண்டும் என்றும் இல்லை. மேக்கிபி டீவா என்ற பெண் குதிரை 2003இல் 51 கிலோவோடும், 2004இல் 55.5 கிலோவோடும், 2005இல் 58 கிலோவோடும் அதே கோப்பையை வென்றது. ஏழு கிலோ ஏற்றியும் ஹேண்டிகேப்பரால் அதைப் பிடிக்க முடியவில்லை. 1890இல் கார்பைன் என்ற குதிரை 10 ஸ்டோன் 5 பவுண்டு (ஒரு ஸ்டோன் 14 பவுண்டு), அதாவது கிட்டத்தட்ட 66 கிலோ சுமந்து, 39 குதிரைகள் ஓடிய கோப்பையை வென்றது. இரண்டாவதாக வந்த ஹைபார்னுக்கு அது விட்டுக்கொடுத்த எடை 53 பவுண்டு!

எல்லை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 1930இல் 62.5 கிலோ சுமந்து மூன்று லெங்தில் வென்ற ஃபார் லாப்புக்கு, அடுத்த வருடம் 10 ஸ்டோன் 10 பவுண்டு ஏற்றினார்கள். 68 கிலோ. எட்டாவதாக வந்தது. வென்ற வைட் நோஸ் சுமந்தது 43.5 கிலோதான். ஐந்தரை கிலோ கூடினால் பன்னிரண்டு லெங்துக்கு மேல் போய்விடும் என்று நம் கணக்கே சொல்கிறது. முந்தைய வருடம் மிச்சமிருந்தது மூன்று லெங்த். அத்தனை பெரிய இதயம் இருந்த குதிரையையும் ஈயத்தால் தோற்கடிக்கலாம் என்பதை அங்கே பார்த்தோம். எனக்கு அந்தப் பதினோராவது பவுண்டும் பன்னிரண்டாவது பவுண்டும் விளையாட்டாகத் தெரியவில்லை, குதிரைக்குச் செய்த அநியாயமாகவே தெரிகிறது.

பெனால்ட்டி எளிமையானது. பெரிய ஹேண்டிகேப்களுக்கு எடைப் பட்டியல் பல வாரங்களுக்கு முன்பே வெளியாகிவிடும். அதற்கும் ஓட்டத்துக்கும் இடையில் ஒரு குதிரை குறிப்பிடத்தக்க வெற்றி பெற்றால், அதன் மேல் கூடுதலாக எடை வைக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்று புதிதாக ரேட்டிங் போட்டால் இதற்கு எத்தனை கிலோ கூடியிருக்கும்? பெனால்ட்டி அதைவிடக் குறைவு என்றால் குதிரை லாபத்தில் ஓடுகிறது. 1997இல் மைட் அண்ட் பவர் என்ற குதிரை, மெல்போர்ன் கோப்பைக்குச் சற்று முன் நடக்கும் கால்ஃபீல்டு கோப்பையை ஏழரை லெங்தில் வென்றது. பெனால்ட்டி ஏற்றினார்கள். 56 கிலோவோடு மெல்போர்ன் கோப்பையில் முன்னணியிலேயே ஓடி, டோரீமஸ் என்ற குதிரையை மூக்கு நுனி அளவில் வென்றது. டோரீமஸின் ஜாக்கி தான் வென்றதாக நினைத்துச் சவுக்கை உயர்த்திவிட்டார். அந்தப் பெனால்ட்டியில் இன்னும் அரை கிலோ சேர்த்திருந்தால் முடிவு மாறியிருக்கும்.

இனி கிறிஸ்ப். அது இரண்டு மைல் வேலி ஓட்டங்களில் கொடிகட்டிப் பறந்த ஆஸ்திரேலியக் குதிரை. 1971இல் செல்டன்ஹாமின் இரண்டு மைல் சாம்பியன் ஓட்டத்தை 25 லெங்தில் வென்றது. உங்கள் இரண்டாவது நண்பரின் சந்தேகத்துக்கு அதனால் ஆதாரம் இருக்கிறது. ஆனால் கிராண்ட் நேஷனல் நடக்கும் எயின்ட்ரீ திடலில் அன்று ஓடிய தூரம் நாலரை மைல், 30 வேலிகள். கிறிஸ்பின் முதுகில் 12 ஸ்டோன், ரெட் ரம்மின் முதுகில் 10 ஸ்டோன் 5 பவுண்டு. வித்தியாசம் 23 பவுண்டு, கிட்டத்தட்ட பத்தரை கிலோ. நாம் போட்ட விகிதக் கணக்கை அங்கே வைத்தால், ஏழு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தத் தூரத்தில் அந்த எடை 130 மீட்டருக்குச் சமம். கிறிஸ்ப் தோற்றது முக்கால் லெங்தில். இரண்டு மீட்டர்கூட இல்லை.

நேரத்தையும் பாருங்கள். அதுவரை இருந்த சாதனை, 1930களில் பதிவான சுமார் 9 நிமிடம் 20 வினாடி. ரெட் ரம் 9 நிமிடம் 1.9 வினாடியில் முடித்தது. அந்த வேகத்தை உண்டாக்கியது ரெட் ரம் அல்ல, தனியாக முன்னால் பறந்த கிறிஸ்ப்தான். பழைய சாதனையைவிடப் பதினெட்டு வினாடி வேகமாக, பட்டியலின் உச்ச எடையோடு, பக்கத்தில் துணைக்கு ஒரு குதிரைகூட இல்லாமல் ஓடியது. வேகம் எடையைப் பெரிதாக்கியது, எடை தம்மை அரித்தது. இதில் எதையும் தனியாகப் பிரித்துக் குற்றம் சொல்ல முடியாது. கிறிஸ்பின் ஜாக்கி ரிச்சர்ட் பிட்மன் அதை இன்னும் கொஞ்சம் பிடித்து ஓட்டியிருந்தால், அதே 12 ஸ்டோனோடு வென்றிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

களைத்த குதிரை வேலியில் காலைத் தூக்க முடியாமல் விழுகிறது என்பதால், தம் பற்றிய இந்தக் கேள்வி அதன் உயிர் பற்றிய கேள்வியும்கூட. கிராண்ட் நேஷனலில் 2024 முதல் 40 குதிரைகளுக்குப் பதிலாக 34தான் ஓடுகின்றன. அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

அன்று ரெட் ரம்முக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அடுத்த வருடம் அதே 12 ஸ்டோனை அதன் முதுகில் ஏற்றினார்கள். ஏழு லெங்தில் வென்றது. நடுவில், 1973 நவம்பரில், டோன்காஸ்டரில் மூன்றேகால் மைல் ஓட்டத்தில் இரண்டும் சம எடையோடு மறுபடி சந்தித்தன. கிறிஸ்ப் எட்டு லெங்தில் ஜெயித்தது.

அன்புடன்.