அப்பா மரண சாசனம் எழுதவில்லை: எதை முதலில் கையில் எடுப்பது?

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் அப்பா காலமானார். திருகோணமலை உவர்மலையில் உறுதிக் காணியும் (சொந்த உரிமைப் பத்திரம் உள்ளது) வீடும், தம்பலகாமத்தில் பெர்மிட் வயல் (அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்தது), வங்கியில் கொஞ்சச் சேமிப்பு. மரண சாசனம் இல்லை. அம்மா எங்களோடு இருக்கிறார். அக்காவுக்குச் சீதனமாக ஒரு வீடு கொடுத்தாயிற்று. கனடாவில் உள்ள அண்ணா, “வீட்டை விற்று மூன்றாகப் பிரிப்போம்” என்கிறார். எங்கே தொடங்குவது?

பதில்: வயலில் தொடங்குங்கள். எல்லோரும் வீட்டைப் பற்றியே பேசுவார்கள், ஆனால் கெடு ஓடிக்கொண்டிருப்பது வயலுக்குத்தான். பெர்மிட் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. வேறொருவரைப் பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பின் காணியைப் பெறுபவராக, அப்பா நியமித்திருந்தாலும், நியமிக்காமலே விட்டிருந்தாலும், முதல் உரிமை அம்மாவுக்கே. ஆனால் அப்பா இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அம்மா காணியைப் பொறுப்பேற்க வேண்டும், தவறினால் அந்த உரிமை போய்விடும். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இந்த வாரமே மரணச் சான்றிதழோடும் பெர்மிட்டோடும் அம்மாவைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பொறுப்பேற்றதைக் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். யாருடைய பெயர் பின்னுரித்தாளராகப் பதிவாகியிருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வீடு. இங்கேதான் அண்ணாவின் கணக்கு பிழை. திருகோணமலைத் தமிழர்களுக்குப் பொதுவாகப் பொருந்துவது 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அதன்படி பாதி அம்மாவுக்கு. மீதிப் பாதிதான் பிள்ளைகள் மூவருக்கும் சமமாக, அதாவது ஆளுக்கு ஆறில் ஒன்று. அம்மாவின் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. அப்பா யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்றால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை வரக்கூடும், அப்போது கணக்கே வேறு. சட்டத்தரணியிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

சரி, அக்காவின் சீதன வீடு? அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு, கலியாணத்துக்காகவோ வாழ்க்கையில் நிலைநிறுத்தவோ பெற்றோர் ஒரு பிள்ளைக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுத்ததைப் பங்குக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. அப்பா அதற்கு விலக்கு அளித்ததாக நிரூபித்தால் சேர்க்கத் தேவையில்லை. அண்ணாவைக் கனடாவுக்கு அனுப்பச் செலவழித்த காசையும் இதே பிரிவைக் காட்டி அக்கா கேட்கலாம். இந்தப் பேச்சை வழக்கில் தொடங்காமல் அம்மா முன்னால் வீட்டில் பேசிவிடுங்கள். வழக்காடி வென்றவர்கள் கூட அதன் பிறகு ஒரு திவசத்துக்கும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடாததை நான் பார்த்திருக்கிறேன்.

சொத்தின் பெறுமதி சட்டம் குறித்த எல்லையைத் தாண்டினால், மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு (இறந்தவரின் சொத்து பற்றிய வழக்கு) போட்டு, அந்தச் சொத்தை நிருவகிக்க அதிகாரம் தரும் நிருவாகக் கடிதம் எடுக்க வேண்டும். அது இல்லாமல் எழுதும் விற்பனை உறுதி நிற்காது. அம்மாவே விண்ணப்பிப்பது நல்லது. அண்ணா தூதரகம் மூலம் அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பினால், அவர் வராமலே வேலை நடக்கும். அப்பா உயிரோடு இருந்தபோது உங்களுக்கு எழுதித் தந்த அற்றோணித் தத்துவம் ஏதும் இருந்தால், அது அவரோடு முடிந்துவிட்டது, அதை எங்கும் காட்டாதீர்கள். அவருடைய ஏடிஎம் அட்டையையும் தொடாதீர்கள். சேமிப்புக் கணக்குக்கு நியமனதாரர் பதிவாகியிருந்தால், வங்கி அவரிடம் நேரே பணத்தைக் கொடுக்கும்.

போவதற்கு முன் பத்திரங்களை மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பிஸ்கட் டின்னில் மடித்து வைத்த உறுதியில் ‘கந்தையா’, அடையாள அட்டையில் ‘கந்தயா’ என்று இருக்கும். அந்த ஒரு எழுத்துக்காகவே கோப்பு மாதக் கணக்கில் கிடந்துவிடும். வித்தியாசம் இருந்தால் இருவரும் ஒருவரே என்று இப்போதே சத்தியக் கடதாசி முடித்துக் கையில் வைத்திருங்கள்.

அப்புறம், அம்மா தன் பாதியைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். அவர் மரண சாசனம் எழுத விரும்பினால், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள், எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் இருக்க வேண்டும்.