மத்தியானப் படபடப்புக்கு அமுக்கரா சூரணம் சாப்பிடலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. எனக்கு 49 வயது. ஊர் முக்கூடல் பக்கம். சின்ன வயசிலிருந்தே பீடி சுற்றுகிறேன். ஆறு வருஷமாக சுகர் இருக்கிறது. காலையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, ராத்திரி மெட்ஃபார்மின் மட்டும். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும் தந்திருக்கிறார்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறது. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் வேறு. கடையில் பீடியைக் கொடுத்துவிட்டு வந்து சாப்பிட மூணு, நாலு மணி ஆகிவிடும். சில நாள் மத்தியானம் கை நடுங்கி, வியர்த்து, படபடப்பாக வருகிறது. உடம்பில் பலம் இல்லை, அதுதான் காரணம் என்று மதினி குற்றாலத்தில் ஒருவரிடம் அமுக்கரா சூரணமும், சுகருக்கென்று ஒரு கறுப்புப் பொடியும் வாங்கி வந்தார். அதைச் சாப்பிட்டால் இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிடலாமாம். திரிபலாவும் நல்லது என்கிறார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சளி பிடிக்கிறது, விட்டுவிடவா? பதினாறு வயது மகளுக்கும் மலச்சிக்கல் இருக்கிறது. இதே மருந்தை அவளுக்கும் கொடுக்கலாமா?

பதில்: வணக்கம் அம்மா. நீங்கள் கேட்ட வரிசையில் போகாமல் அந்த மத்தியான நடுக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் அவசரமானது அதுதான். நீங்களோ அதைப் பலவீனம் என்று ஒதுக்கிவிட்டீர்கள்.

கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. காலையில் அதைப் போட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குத் தள்ளினால், வயிறு காலியாக இருந்தாலும் மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, சில சமயம் கண் மங்கல், காரணமில்லாத எரிச்சல், எல்லாம் தாழ்சர்க்கரைக்கு உண்டான அடையாளங்கள். உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

அடுத்த தடவை வரும்போது வீட்டிலோ பக்கத்திலோ குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை குடியுங்கள். தெளிந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். மீட்டர் இல்லையென்றால் தாழ்சர்க்கரை என்றே நினைத்துச் சர்க்கரைத் தண்ணீரைக் குடியுங்கள். சுகர்காரிக்குச் சர்க்கரையா என்று யாராவது கையைத் தட்டிவிட்டால் கேட்காதீர்கள். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை வீட்டில் எல்லோருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.

அப்புறம் உங்களுக்கு மாத்திரை எழுதும் டாக்டரிடம் இந்த வாரமே போய் நடுக்கத்தையும் நாலு மணிச் சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, மாத்திரையை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறதென்றால் கொண்டுவரும் பெண்ணிடமும் சொல்லுங்கள். அதுவரைக்கும் சாப்பாட்டை ஒரு மணிக்குக் கொண்டுவாருங்கள். கடைக்குப் போகும் நேரத்தை மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். போவதற்கு முன்னால் பாதிச் சாப்பாடாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மீதியை வந்து சாப்பிடலாம்.

இப்போது அமுக்கரா. ஆயுர்வேதத்தில் அசுவகந்தா என்கிற அதே கிழங்குதான். நல்ல மருந்து, நானும் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இன்னும் கொஞ்சம் இறக்கக் கூடியது. ஏற்கனவே மத்தியானம் இறங்கிப்போகிற உடம்பில் அதையும் சேர்த்தால் நடுக்கம் கூடுமே தவிரக் குறையாது. தைராய்டு சுரப்பைக் கூட்டும் குணமும் அதற்கு உண்டு. அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. இன்னொன்று, ரசாயனம் என்கிற பலமருந்து வகையைக் கொடுக்கும் முன் வயிற்றைச் சரிசெய்ய வேண்டும் என்பது எங்கள் நூல்களின் விதி. அழுக்குத் துணியில் சாயம் பிடிக்காது என்று, அஷ்டாங்க ஹிருதயம் என்கிற பழைய ஆயுர்வேத நூலை எழுதிய வாக்படர் இதைச் சொல்கிறார். மூன்று நாளைக்கு ஒரு தடவை வயிறு போகிற உங்களுக்கு ஆயுர்வேதக் கணக்குப்படியே அமுக்கராவுக்கு இன்னும் வேளை வரவில்லை.

கறுப்புப் பொடியை எடுத்து ஓரமாக வையுங்கள். சாப்பிட வேண்டாம். மதினி நல்ல மனசோடுதான் வாங்கியிருப்பார், அவரோடு சண்டை போடாதீர்கள். சாரல் காலத்தில் அருவிக்கரைப் பக்கம் கடை போட்டு விற்பவர்களில் மூலிகை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், தெரியாதவர்களும் இருக்கிறார்கள். பொட்டலத்தைப் பார்த்து யார் எந்த ரகம் என்று நமக்கு எப்படித் தெரியும்? சுகருக்கென்று விற்ற பொடியில் இங்கிலீஷ் சுகர் மாத்திரையையே பொடித்துக் கலந்திருந்ததும், மூட்டுவலிப் பொடியில் ஸ்டீராய்டு இருந்ததும் பரிசோதனைகளில் வெளிவந்திருக்கின்றன. ஈயம், பாதரசம் கூடுதலாக இருந்த பொடிகளும் உண்டு. ஆயுர்வேதமோ சித்தாவோ, முறையாகத் தயாரித்த மருந்தென்றால் டப்பாவில் தயாரிப்பு உரிமம் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம், எல்லாம் அச்சடித்திருக்க வேண்டும். இது சட்டம். அதேபோல், சர்க்கரை நோயைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி தடை. யாராவது அப்படி நோட்டீஸ் கொடுத்தால் அவரிடம் மருந்து வாங்காமல் இருப்பதற்கு அந்த நோட்டீஸே போதும்.

சுகர் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்பதற்கு ஒரே பதில்தான்: கூடாது. நான் ஆயுர்வேதம் படித்தவள், பிரமேகம் என்று எங்கள் நூல்கள் விரிவாகப் பேசும் நோய்க்குள்தான் இது வருகிறது. அந்த நூல்களே அதைச் சுலபமாகத் தீரும் நோய் என்று சொல்லவில்லை. சாப்பாடு, நடை, எடை, தூக்கம் இதெல்லாம் ஒழுங்கானால் மாத்திரை குறையலாம். குறைப்பவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுக் குறைக்க வேண்டும்.

மலச்சிக்கலுக்கு வருவோம். இதில் ஆயுர்வேதத்துக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அதில் பாதி காசே இல்லாதது. அஷ்டாங்க ஹிருதயத்தில் வேகங்களை, அதாவது உடம்பில் தானாக எழும் உந்துதல்களை, அடக்குவது பற்றித் தனி அத்தியாயமே உண்டு. மலம், சிறுநீர், பசி, தாகம், தூக்கம், தும்மல், கொட்டாவி என்று பதின்மூன்று வேகங்களைச் சொல்லி, அடக்கினால் எதற்கு என்ன வரும் என்று வாக்படர் எழுதிக்கொண்டே போகிறார். மலத்தை அடக்கினால் கெண்டைக்கால் பிடிப்பு, தலைவலி, மேல்நோக்கி வரும் வாயு. உங்கள் புளித்த ஏப்பத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பீடி சுற்றும் அம்மாமார்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். மடியில் சொளகை (முறத்தை) வைத்து உட்கார்ந்தால் கணக்கு முடியாமல் எழுந்திருப்பதில்லை. எழுந்திருக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. பசியை ஒரு காப்பியில் அமுக்கிவிடுகிறார்கள். பதின்மூன்றில் நாலு வேகம் காலையிலேயே அடங்கிப் போயிற்று! அப்புறம் எந்தச் சூரணம் வந்து என்ன செய்யும்?

ஆகவே காலையில் ஒரு தம்ளர் வெந்நி குடித்துவிட்டு, பலகாரம் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்காருங்கள். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும், அந்த நேரத்தை விட்டுவிடக் கூடாது. முக்க வேண்டாம். சொளகு பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். மணிக்கு ஒரு தடவை எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டு வாருங்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்து முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, அவரைக்காய் இவற்றைக் கூட்டுங்கள். தை மாதத்தில் பனங்கிழங்கு கிடைக்கும்போது சோற்றுக்குப் பதிலாக ஒன்று சாப்பிடலாம், நார் நிறைய உள்ளது. கருப்பட்டிக் காப்பி சுகருக்கு ஆகும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆகாது. அதுவும் சர்க்கரைதான்.

திரிபலா சாப்பிடலாம். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சமமாகச் சேர்ந்தது. லேபிள் உள்ள டப்பாவாக வாங்கி, ராத்திரி படுக்கும் முன் ஒரு டீஸ்பூன், தலை தட்டி, வெந்நியில். வீட்டில் இடிப்பதானால் கடுக்காய்க் கொட்டையை எடுத்துவிட வேண்டும். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆனால் இரும்புச்சத்து மாத்திரையோடு திரிபலாவைச் சேர்க்காதீர்கள். அதன் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. காப்பி, டீக்கும் இதே கதைதான். இரும்பு மாத்திரையைக் காலையிலோ மத்தியானமோ வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் காப்பி இல்லாமல் பாருங்கள். வயிறு இளகிப் போனால் திரிபலாவைப் பாதியாக்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் தானாகத் தொடர வேண்டாம்.

அந்த இரும்பு மாத்திரையே மலத்தை இறுக்கும், கறுப்பாக்கவும் செய்யும். சிக்கல் அது தொடங்கிய பிறகு வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியானால் வேறு வகை கேட்கலாம். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் பரிசோதனை ஒன்றும் செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைந்தாலும் மலச்சிக்கலும் அசதியும் வரும். ரத்தம் ஏன் குறைந்தது என்று யாராவது பார்த்தார்களா? மாதவிடாய் அதிகம் போகிறதா, மலத்தில் ரத்தம் உண்டா என்று கேட்காமல் மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டே இருப்பது சரியில்லை. மலத்தில் ரத்தம் பட்டாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ சூரணம், வெந்நி எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நெஞ்செரிச்சலுக்கு: ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு, மூன்று மணி நேரம் இடைவெளி. மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போடுங்கள். புகையிலைத் தூள் ஒட்டிய கையோடு சாப்பிடாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் எரிச்சலுக்கு அது ஒன்றே போதும். காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலையில் கடுக்காய் என்கிற பாட்டு நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு குடித்தால் துடித்துப் போவார்கள். அதிமதுரம் எரிச்சலுக்குக் கேட்கும். ஆனால் தொடர்ந்து எடுத்தால் பிரஷரை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும், ஆகவே நீங்களாக வாங்க வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு எரிந்து, தாடைக்கோ கைக்கோ பரவி, வியர்த்தால் அதை வாயு என்று நினைக்கக் கூடாது. சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு இப்படி மங்கலாகவும் வரும். அப்போதும் 108-தான்.

எண்ணெய்க் குளியலை விட வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள். கபம் கூடியவர்களும், சாப்பிட்டது செரிக்காதவர்களும் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று நூலிலேயே இருக்கிறது. சளி இருக்கும் வெள்ளிக்கிழமையையும், ஐப்பசி கார்த்திகை அடைமழையையும் விட்டுவிடுங்கள். மற்ற நாளில் நல்லெண்ணெயை லேசாகச் சூடாக்கி, வெயில் ஏறிய பிறகு தேய்த்து, கால் மணி நேரத்தில் வெந்நியில் குளித்து, முடியை நன்றாகக் காயவிடுங்கள். அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பாதத்துக்கு மட்டும் போதும். தலை, காது, பாதம் மூன்றிலும்தான் எண்ணெய் முக்கியம் என்கிறார் வாக்படர். (காதில் சீழ் வந்தவர்கள் காதுக்குள் ஊற்றக் கூடாது.) பாதத்தில் தேய்க்கும்போது விரலிடுக்கில் எண்ணெய் நிற்காமல் துடைத்துவிட்டு, புண், கீறல், கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்ச் சூட்டைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதியுங்கள். சுகரில் காலுக்கு உணர்ச்சி குறைந்திருக்கலாம்.

நேரில் காட்ட வேண்டுமென்றால் ஆயுர்வேதத்துக்குத்தான் வர வேண்டும் என்று இல்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் இயங்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். எங்கே போனாலும் எல்லா மாத்திரை அட்டைகளையும், அந்தக் கறுப்புப் பொடியையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

மகளுக்கு இந்த மருந்து எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் போக முடிகிறதா, தண்ணீர் குடிக்கிறாளா, காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறாளா என்று முதலில் கேளுங்கள். இந்த வயதுப் பெண்பிள்ளைகள் பள்ளிக் கக்கூஸுக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. கீரையும் பழமும் கொடுத்து, அரை மணி நேரம் முன்னாடி எழுப்பிவிட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் மாறவில்லை என்றால் அழைத்து வாருங்கள். ஹீமோகுளோபின் பார்த்த சீட்டு இருந்தால் அதையும், மாதவிடாய் வந்த தேதிகளையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.